நாலாம் மாடிக் கதவு

ஜனவரி 9

அன்புள்ள மாமாவுக்கு,

நானும் அம்மாவும் நன்றாக இருக்கிறோம். அம்மாவின் முட்டி மட்டும் எங்களோடு சேராமல் தனியாக முனகிக்கொண்டிருக்கிறது. நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்? பல் செட்டை வாயில் போட்டுக்கொள்கிறீர்களா, இல்லை தம்ளரில் போட்டு அழகு பார்க்கிறீர்களா? "செட் ஆடுகிறது, அதனால் பேச்சைக் குறைத்துவிட்டேன்" என்று எழுதியிருந்தீர்கள். ஊரில் எல்லோரும் செட்டைத்தான் சரிசெய்வார்கள் மாமா.

ஒன்று கேட்கத்தான் எழுதுகிறேன். உங்கள் ஊர்ப் பெரிய ஆஸ்பத்திரியின் பல் லேப்பில் ஆள் எடுக்கிறார்கள். நான் செய்த இரண்டு செட்களை மாதிரிக்கு அனுப்பினேன். நேரில் வரச் சொல்லியிருக்கிறார்கள். வேலை கிடைத்தால் உங்கள் வீட்டுப் பின்னறையில் நான் தங்கலாமா?

இங்கே தெருமுனை லேப்பிலும் வேலைக்குக் குறைவில்லை. தெருவில் சண்டை நடந்த மறுநாள் எங்கள் வாசலில் கூட்டம் நிற்கும். முதலாளி அன்றைக்கு மட்டும் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுப்பார். எனக்குத்தான் அந்த டீ இறங்குவதில்லை. வந்து உட்காருகிறவர்கள் முக்கால்வாசிப் பேர் என்னோடு படித்த பையன்கள். ஒருவனுக்கு இதுவரை மூன்று தடவை ஒரே பல்லைக் கட்டியிருக்கிறேன். மனதுக்குள் அவனுக்கு 'முன்பல்' என்றே பெயர் வைத்துவிட்டேன். "இந்தத் தடவையாவது பத்திரமா வச்சுக்கடா" என்றால், "பல்லு பத்திரமாத்தான் இருந்துச்சு, நான்தான் பத்திரமா இல்ல" என்கிறான்.

வயதாகி, தானாக விழுந்த பல்லுக்குச் செட் செய்ய வேண்டும் மாமா. அவ்வளவுதான் என் ஆசை.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
வாயாடி


ஜனவரி 17

அன்பு வாயாடிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நான் சௌக்கியம். செட் தம்ளரில்தான் இருக்கிறது; ஒப்புக்கொள்கிறேன்.

நீ வருவதில் எனக்கு எவ்வளவு மகிழ்ச்சி என்பதை எழுத மூன்று முறை முயன்று, மூன்றையும் கிழித்துவிட்டேன். மிகையாகத் தோன்றியது. ஆகவே பின்னறையின் வரைபடத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். நில அளவை அலுவலகத்தில் வரைபடம் போட்டே காலம் தள்ளியவன் வேறு எப்படித்தான் சொல்வது? கட்டிலை ஜன்னல் பக்கம் போட்டிருக்கிறேன். வெளிச்சம் முகத்தில் விழும் என்று நினைத்தால் மறு சுவருக்கு மாற்றிவிடலாம். புள்ளிக்கோட்டால் அதையும் காட்டியிருக்கிறேன்.

சில எச்சரிக்கைகள். நான் கலகலப்பான மனிதன் அல்ல. சமையல் சுமார். கீழ்வீட்டு அம்மாள் ஓய்வுபெற்ற ஆசிரியை. சத்தம் அவருக்குப் பிடிக்காது என்று நினைக்கிறேன். நினைக்கிறேன் என்றுதான் சொல்கிறேன், இத்தனை வருடத்தில் கேட்டதில்லை.

உன் அம்மா என்ன சொல்கிறாள்? உங்கள் கட்டடத்துப் படிக்கட்டு எப்படி இருக்கிறது? கடைசியாக நான் வந்தபோது பல்புகள் எல்லாம் உடைந்திருந்தன. இரண்டாம் மாடித் திருப்பத்தில் யாரோ இருட்டில் நின்றுகொண்டிருந்தார்கள். அதன் பிறகு நான் வரவே இல்லை என்பதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். ஒரு வார்த்தை கேட்காமல் இருந்தது உங்கள் பெருந்தன்மை.

தொலைபேசியில் அழைக்க வேண்டாம். கேட்டதற்குப் பதில் எனக்குத் தோன்றுவதற்குள் பேச்சு முடிந்துவிடுகிறது.

அன்புடன்,
மாமா


பிப்ரவரி 1

அன்புள்ள மாமாவுக்கு,

எல்லோரும் நலம். வேலை கிடைத்துவிட்டது! போன புதன்கிழமை உங்கள் ஊருக்கு வந்தேன். ஆஸ்பத்திரியில் ஒரு பாட்டியின் வாய் அளவைக் கொடுத்துப் பல் அடுக்கச் சொன்னார்கள். நான் அடுக்கியதைப் பார்த்த பெரியவர், "கொஞ்சம் கோணலா வச்சிருக்கியேம்மா?" என்றார். "அவங்க முகமே கொஞ்சம் கோணல் சார். பல்லு மட்டும் நேரா இருந்தா யாரோடதோன்னு தெரியும்" என்றேன். சிரித்துவிட்டு, ஏப்ரல் ஒன்றாம் தேதி வந்து சேரச் சொல்லிவிட்டார். உங்களைப் பார்க்காமல் திரும்பியதற்குக் கோபித்துக்கொள்ளாதீர்கள். பொழுது சாயும் முன் வீட்டுக்கு வர வேண்டியிருந்தது.

படிக்கட்டு இப்போது பரவாயில்லை. அம்மா சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. என் பழைய பெட்டியைத் தட்டித் துடைத்து வைத்திருக்கிறாள்.

கட்டில் ஜன்னல் பக்கமே இருக்கட்டும். அந்த வரைபடத்தைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். அதில் கதவு திறக்கும் வளைவைக்கூடப் போட்டிருக்கிறீர்களே, அதைத்தான் அடிக்கடி பார்க்கிறேன்.

வாயாடி


பிப்ரவரி 27

அன்பு வாயாடிக்கு,

நான் நலம். நீங்கள் இருவரும் நலம்தானா? இதை வெறும் சம்பிரதாயமாகக் கேட்கவில்லை. உனக்கு வேலை கிடைத்ததற்கு வாழ்த்துச் சொல்லி எட்டாம் தேதி எழுதினேன். பதில் வரவில்லை. தபால் தவறியிருக்கலாம். அந்தக் கடிதத்தில் நான் ஏதாவது தவறாக எழுதியிருக்கலாம். "வீட்டுக்குச் சீக்கிரம் திரும்புவது நல்ல வழக்கம்" என்று ஒரு வரி எழுதிய ஞாபகம். அது உபதேசமாகப் பட்டிருந்தால் அடித்துவிடவும்.

பின்னறைக்குச் சுண்ணாம்பு அடித்தாகிவிட்டது. கீழ்வீட்டு அம்மாளிடம் முதன்முறையாகப் பேசினேன். "பொண்ணு வருதா? நல்லதுதான், வீட்டுல ஆள் இருக்கற சத்தமே கேக்கறதில்ல" என்றார். சத்தம் பிடிக்காது என்று நான் நினைத்தது பிழை போலிருக்கிறது.

ஒரு வரியாவது எழுது.

மாமா


மார்ச் 8

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். உங்கள் இரண்டு கடிதங்களும் வந்தன. தாமதத்துக்கு மன்னியுங்கள். நீங்கள் எதையும் தவறாக எழுதவில்லை.

நான் வரவில்லை மாமா. அம்மாவின் முட்டி சரியில்லை. இங்கேயும் வேலை இருக்கத்தானே செய்கிறது. அறையை யாருக்காவது வாடகைக்குக் கொடுத்துவிடுங்கள். சுண்ணாம்பு வீணாகாது.

வாயாடி


மார்ச் 13

அண்ணா,

சாப்பாடு, தூக்கம் எல்லாம் சரியாக இருக்கிறதா? இதை அவளுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். எனக்கு உன்னைப்போல எழுத வராது, பொறுத்துக்கொள்.

என் முட்டிக்கு ஒன்றுமில்லை. முட்டியின் தலையில் பழியைப் போட்டிருக்கிறாள்.

நீ படிக்கட்டைப் பற்றிக் கேட்டாயாம். "பரவாயில்லை" என்று எழுதியிருப்பாள். ஏன் பரவாயில்லை என்று எழுதியிருக்க மாட்டாள். கீழிருந்து ஐந்தாம் மாடிவரை எங்கள் படிக்கட்டுக்கு ஒரே இரும்புக் கைப்பிடி. கீழே தட்டினால் மேலேவரை கேட்கும். இருட்டினபின் வீட்டுக்கு வருகிறவர்கள் சாவியால் அதில் இரண்டு தட்டு தட்டுவார்கள். உடனே மாடிக்கு ஒரு வீட்டுக் கதவு திறக்கும். வீட்டு வெளிச்சம் படியில் விழும். வந்தவர் அந்த மாடியைத் தாண்டும்வரை வீட்டு ஆள் வாசலில் நிற்பார். பல்பு போட்டால் உடைக்கிறார்கள், ஆளை வைத்து வெளிச்சம் போட்டால் என்ன செய்வார்கள்? இதை ஆரம்பித்தது இவள்தான். ஒவ்வொரு வீடாகப் போய்க் கேட்டாள். மூன்றாம் மாடித் தையல்காரர், "நான் என்ன காவல்காரனா?" என்று முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினார். பரவாயில்லை என்று இவள் மட்டும் நம் வாசலில் தனியாக நின்றாள். மழைக்காலம் முழுக்க நின்றாள். ஒருநாள் தையல்காரரின் பெண்டாட்டி இருட்டில் பயந்து பயந்து ஏறி வரும்போது, மேலே நாலாம் மாடியில் மட்டும் வெளிச்சம் தெரிந்திருக்கிறது. அன்றிலிருந்து மூன்றாம் மாடியும் திறக்கிறது. அப்படியே எல்லாம் திறந்தது.

நாலாம் மாடியில் எதிர்வீட்டுக்காரர்கள் போன வருஷமே பூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். இருப்பது நாங்கள் மட்டும். எனக்கு ஓட்டல் சலவைக்கூடத்தில் சாயங்கால ஷிஃப்ட். ஆக, நாலாம் மாடிக் கதவு என்றால் அது இவள்தான்.

பிப்ரவரியில் ஒருநாள் லேப்பில் வேலை இழுத்துவிட்டது. ஐந்தாம் மாடிக் குட்டி டியூஷன் முடிந்து வந்து தட்டியிருக்கிறாள். எல்லாக் கதவும் திறந்தது, நம் கதவு திறக்கவில்லை. எவனோ அந்த இருட்டில் நின்றிருக்கிறான். அடுத்த தெரு ஆள் என்கிறார்கள். பையைப் பிடுங்கித் தள்ளிவிட்டான். குட்டிக்கு முன்பல் பாதி போய்விட்டது. அதற்கும் இவள்தான் பல் கட்டினாள். கட்டி முடித்துவிட்டு வந்து சோறு போட்டால் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எல்லாரும் வந்துடலாம்டி, நானும் வரேன், அண்ணன் வீட்டுலயே இருப்போம்" என்றேன். "நாம போயிட்டா நடுவுல ஒரு மாடி இருட்டும்மா. மேல இருக்கறவங்க அதத் தாண்டித்தானே போகணும்" என்கிறாள்.

ஆஸ்பத்திரிக்கு இன்னும் மறுப்புச் சொல்லவில்லை. பெட்டியை மட்டும் பரணில் ஏற்றிவிட்டாள்.

தங்கை


மார்ச் 18

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நலமாக இருக்கிறேன், ஆனால் உட்கார முடியவில்லை. எழுந்து நடக்கிறேன், திரும்ப வந்து படிக்கிறேன்.

இத்தனை நாளாக அந்தப் பெண் கலகலவென்று எழுதுவதைப் படித்து, கவலையில்லாத பிள்ளை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மழைக்காலம் முழுக்க ஒரு வாசலில் நின்றவள் அதைப் பற்றி எனக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. நான் என் வீட்டுச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்ததைக்கூட அவளுக்கு எழுதினேன்.

ஒரு யோசனை. சரியான யோசனைதானா என்று தெரியவில்லை. தவறென்றால் தயங்காமல் சொல். கதவைத் திறந்து நிற்பதற்கு என்ன தகுதி வேண்டும்? உடல் வலு வேண்டுமா? உரத்த குரல் வேண்டுமா? இரண்டும் என்னிடம் இல்லை. எனக்குப் பயம் உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் சாயங்காலங்களில் எனக்கு வேறு வேலை எதுவும் இல்லை. எதையும் தவறாமல் ஒரே நேரத்தில் செய்யும் பழக்கம் உண்டு. பயந்த ஆள் நின்றாலும் வெளிச்சம் படியில் விழும் அல்லவா?

அவள் இங்கே வரட்டும். நான் அங்கே வருகிறேன்.

அண்ணன்


மார்ச் 23

அன்புள்ள மாமாவுக்கு,

அம்மா உங்கள் கடிதத்தைக் கையில் கொடுத்துவிட்டுச் சமையலறைக்குள் போய் ஒளிந்துகொண்டாள். இருவருமாகச் சேர்ந்து என் முதுகுக்குப் பின்னால் சதி செய்திருக்கிறீர்கள். மூன்று நாள் அம்மாவோடு பேசவில்லை. நாலாம் நாள் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கிக் கொடுத்துவிட்டாள்.

மாமா, பல்லியைக் கண்டால் நாற்காலி மேல் ஏறுகிறவர் நீங்கள். நிஜமாகவா? வேண்டாம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். "பயந்த ஆள் நின்றாலும் வெளிச்சம் விழும் அல்லவா" என்ற வரியை மறுபடியும் எடுத்துப் படித்தேன். நான் மட்டும் என்ன, பயமில்லாமலா நின்றேன்?

முப்பத்தொன்றாம் தேதி காலை ரயிலில் கிளம்புகிறேன். நீங்களும் அன்றைக்கே புறப்பட்டால் ஒரு சாயங்காலம்கூடக் கதவு மூடியிருக்காது. வீட்டுச் சாவி மூன்றாம் மாடித் தையல்காரரிடம் இருக்கும்.

இரண்டு விஷயம் மறக்கக் கூடாது. ஒன்று, ஏறும்போது நீங்களும் தட்ட வேண்டும். சத்தம் போடாமல் ஏறுகிற காலடிதான் இங்கே எல்லோருக்கும் பயம். இரண்டு, தட்டுவது யாரென்று பார்த்துவிட்டுத் திறக்கக் கூடாது. தட்டினால் திறக்க வேண்டும். இதில் எங்கள் கட்டடத்தில் எல்லோருக்கும் சம்மதமில்லை. எனக்கு இதுதான் முக்கியம்.

வாயாடி


ஏப்ரல் 3

அன்பு வாயாடிக்கு,

நலமாக வந்து சேர்ந்தேன். நீயும் சேர்ந்திருப்பாய். நம் ரயில்கள் வழியில் எங்கோ ஒன்றையொன்று தாண்டியிருக்க வேண்டும். ஓடும் ரயிலில் யாரையும் அடையாளம் காண முடியாது என்று தெரிந்தும் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

முதல் நாளே உன் முதல் விதியை மீறிவிட்டேன். ரயில் தாமதம். வந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. பெட்டிச் சாவியைக் கையில் எடுத்தேன். ஆனால் அறிமுகமில்லாதவர்கள் வீட்டுக் கம்பியில் அடித்துச் சத்தமெழுப்ப எனக்குக் கூச்சமாக இருந்தது. யாருக்கும் தொந்தரவு வேண்டாமென்று செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, ஓசைப்படாமல் ஏறினேன். உலகத்திலேயே சந்தேகத்துக்குரிய முறையில் ஏறியிருக்கிறேன் என்பது பிறகுதான் புரிந்தது.

மூன்றாம் மாடியில் கதவு படாரென்று திறந்தது. தையல்காரர் கையில் இஸ்திரிப் பெட்டி.

"எவன்டா அது? நில்லு அங்கயே!"

"நான்... நாலாம் மாடிக்கு..."

"நாலாம் மாடியில இந்நேரம் யாரும் இல்ல. தட்டாம ஏறுற ஆளுக்கு அங்க என்ன வேலை?"

செட் மட்டும் வாய்க்குள் கடகடவென்று அடித்துக்கொண்டது. உள்ளிருந்து அவர் மனைவி எட்டிப் பார்த்தார்.

"ஏங்க, அந்தப் பெட்டியக் கீழ வைங்க. பல்லு ஆடுது பாருங்க. இவரு நம்ம லேப்புப் பொண்ணோட மாமா."

"பல் செட் மாமாவா? முதல்லயே சொல்றதுக்கென்ன சார்? சுட்டுருப்பேனே!"

ஆக, என் செட்டின் புகழ் எனக்கு முன்பே இங்கு வந்துவிட்டது. தையல்காரர் என்னைத் திரும்பக் கீழே அழைத்துப் போய், "மறுபடி முதல்லேர்ந்து வாங்க" என்று தட்ட வைத்தார். தட்டினேன். மெதுவாகத்தான். முதல் மாடி திறந்தது, இரண்டாம் மாடி திறந்தது. முன்பு யாரோ இருட்டில் நின்ற அதே திருப்பத்தில் ஒரு பெண் இடுப்பில் குழந்தையோடு நின்று, "வாங்க" என்றாள். வாயாடி, நான் எத்தனையோ ஊர்களை வரைபடத்தில் வரைந்திருக்கிறேன். ஒரு படிக்கட்டு இப்படி ஒவ்வொரு மடிப்பாக ஒளிர்ந்து மேலே போவதை எப்படி வரைவதென்று தெரியவில்லை.

உன் அறையில்தான் படுக்கை. என் வரைபடம் இன்னும் சுவரில் இருக்கிறது. என் வீட்டை உன் வீட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

மாமா


ஏப்ரல் 19

அன்புள்ள மாமாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். அம்மா எப்படி இருக்கிறாள் என்று உண்மையை எழுதுங்கள், முட்டியை நம்பாதீர்கள்.

உங்கள் வீட்டுக்கு வந்த முதல் சாயங்காலம் கை தன்னால் சாவியை எடுத்துக் கைப்பிடியில் தட்டிவிட்டது. ஒரு கதவும் திறக்கவில்லை. விளக்கு பளிச்சென்று எரிகிறது, பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் கால் ஏற மாட்டேன் என்கிறது. நின்றுகொண்டே இருந்தேன். கொஞ்சம் அழுதேன் என்றும் எழுதிவிடுகிறேன். கீழ்வீட்டு டீச்சர் வெளியே வந்தார்.

"என்னம்மா, எதாவது விழுந்துடுச்சா?"

"இல்ல டீச்சர். எங்க ஊர்ல வீட்டுக்கு வந்தா தட்டுவோம்."

"தட்டினா?"

"யாராவது வந்து நிப்பாங்க."

நான் மாடி ஏறிக் கதவைத் திறக்கும்வரை கீழே நின்றார். இப்போது தினமும் நிற்கிறார். நேற்று நான் தட்ட மறந்துவிட்டேன், "ஏன் இன்னிக்கு சத்தமில்ல?" என்று கோபித்துக்கொண்டார்.

லேப்பில் இந்த வாரம் ஒரு தாத்தாவுக்குச் செட் செய்தேன். எப்படிப் போயிற்று பல் என்று பழக்கத்தில் கேட்டுவிட்டேன். "எப்படிப் போகும்? தின்னு தின்னு தேஞ்சு போச்சு" என்றார். மாமா, அதைக் கேட்க எவ்வளவு நன்றாக இருந்தது தெரியுமா?

உங்கள் செட்டுக்கும் புதிதாக அளவெடுக்க வேண்டும். அடுத்த மாதம் இரண்டு நாள் லீவில் வருகிறேன். தயாராக வாயைத் திறந்து வையுங்கள்.

வாயாடி


மே 12

அன்பு வாயாடிக்கு,

உன் அம்மா நலம், முட்டியும் நலம். நானும் நலம். செட் வாயில்தான் இருக்கிறது. இங்கே தினமும் பேச வேண்டியிருக்கிறது.

நேற்று நடந்ததை நீ வருவதற்குள் எழுதிவிட வேண்டும். நேரில் என்னால் இதைச் சொல்ல முடியாது.

பொழுது சாய்ந்ததும் தட்டல் கேட்டது. எழுந்துபோய்க் கதவைத் திறந்து நின்றேன். வழக்கமாகக் கீழிருந்து கதவுகள் திறக்கும் ஓசை வரிசையாக வரும். நேற்று ஒன்றும் வரவில்லை. யாரோ இருட்டிலேயே ஏறி வந்தார்கள். உள்ளே போய்விடலாமா என்று தோன்றியது. உண்மையில் கதவில் கைகூட வைத்துவிட்டேன். பிறகு உன் இரண்டாம் விதி நினைவுக்கு வந்தது. நின்றேன்.

ஒரு பையன் வந்தான். முகத்தில் தழும்பு. என் வீட்டு வெளிச்சத்தில் அவன் கண் கூசியது.

"வாங்க," என்றேன். வேறு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

"கீழ எவனும் திறக்கல," என்றான். "நான்னு தெரிஞ்சதும் தாழ்ப்பாள் போடுற சத்தம்தான் கேட்டுச்சு. அவங்க இருக்காங்களா? பல்லு மறுபடி ஆடுது."

அப்போதுதான் இவன் யாரென்று புரிந்தது. நீ எழுதியிருந்த 'முன்பல்'.

"ஊருக்குப் போயிட்டா. அங்க பெரிய ஆஸ்பத்திரியில வேலை."

"போயிட்டாங்களா," என்றான். பிறகு, "நல்லவேளை," என்றான். திரும்பி இரண்டு படி இறங்கியவன் நின்று, "சார், அங்க எனக்கெல்லாம் ஏதாச்சும் வேலை இருக்குமா?" என்று கேட்டான். கேட்டுவிட்டுச் சும்மா கேட்டதுபோலச் சிரித்தான். அந்தப் பல்லை நீ எவ்வளவு அழகாகக் கட்டியிருக்கிறாய் என்று அப்போதுதான் பார்த்தேன்.

"எழுதிக் கேக்கறேன்" என்றேன். இதோ எழுதிக் கேட்கிறேன். ஏதாவது இருக்குமா, பார்.

"இறங்கும்போதும் தட்டிட்டுப் போங்க" என்றேன். அவனிடம் சாவி இல்லை. மோதிர விரலை மடக்கிக் கம்பியில் தட்டினான். ஒன்றும் நடக்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது, அவனுக்காகவா எனக்காகவா என்று தெரியவில்லை. உள்ளே போய் என் சாவியை எடுத்துவந்தேன். என் வாழ்நாளில் எதையும் அவ்வளவு பலமாக அடித்ததில்லை. கட்டடம் முழுக்க அதிர்ந்தது. செட் கழன்றுவிடும் என்றுகூட நினைத்தேன்.

மூன்றாம் மாடிக் கதவு லேசாகத் திறந்தது.

"யாருக்கு சார் தட்டுறீங்க?" என்று தையல்காரரின் குரல்.

"நம்ம ஆளுதான், இறங்குறாரு," என்றேன்.

அந்தக் கதவு முழுதாகத் திறந்தது. பிறகு அவருடைய வெளிச்சம் படியில் விழுந்தது. அதற்குக் கீழே இரண்டாம் மாடி வெளிச்சமும் விழுந்தது. அவன் அதன் நடுவில் இறங்கிப் போவதை நான் மேலிருந்து, கடைசிவரை நின்று பார்த்தேன்.

நீ வரும் ரயிலின் நேரத்தை எழுது. சாவியைத் தயாராக வைத்திரு. இருட்டியபிறகு வந்தாலும் பரவாயில்லை.

நாலாம் மாடியிலிருந்து,
மாமா